என் விமானப் பயணங்களுக்கான காடு

குவைத்தில் வீட்டு வேலையை முடித்துக்கொண்டு இலங்கை மலையகத்தில் இருக்கும் பூனாகலைக்குத் திரும்பிய பிறகு, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் காட்டைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தேன். விமானத்தில் போகும் வெளிநாட்டுக்காரர்கள், அது விடும் புகைக்கு ஈடாக, அந்தக் காட்டைக் காப்பாற்றப் பணம் அனுப்பினார்கள்.

மேற்பார்வை பார்த்த பெண் இதை விளக்கியபோது எனக்கு உறுத்தியது.

“நானும் நாலு தடவ பிளேன்ல போயி வந்திருக்கேங்க. என் புகைக்கு யாரு ஈடு குடுக்கிறது?”

அவர் சிரிக்கவில்லை. “இதுவரைக்கும் யாரும் அப்பிடிக் கேட்டதில்லீங்க” என்றார்.

வறட்சிக் காலத்தில் கீழே மானாப்புல்லில் பிடிக்கும் தீ, காட்டுக்குள் ஏறிவிடுவதுண்டு. அதைத் தடுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமல் போய், காட்டோரத்துப் புல்லை அகலமாகச் செதுக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு அக்கா, “ஒனக்கென்ன பைத்தியமாடி?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, அடுத்த வாரம் மண்வெட்டியோடு வந்து நின்றார். அவரும் துபாய்க்குப் போய் வந்தவர்தான்.

அந்த ஆவணியில் தீ வந்தது. நாங்கள் இருவரும் ஈரச் சாக்குகளோடு காட்டோரத்தில் நின்றோம். புல்லையெல்லாம் எரித்துக்கொண்டு மேலே ஏறிய தீ, நாங்கள் செதுக்கிய வெறும் மண் வரைக்கும் வந்து, மேற்கொண்டு எரிய ஒன்றுமில்லாமல் அடங்கியது. ஓரத்து மரங்கள் சில மட்டும் கருகின. மழை தொடங்கியதும் அவற்றிலும் துளிர் விட்டது.

இப்போது எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வெளிநாடு போய் வந்த ஆறு பெண்கள் எங்களோடு மேலே வருகிறார்கள்.