பதினோரு வருடம் கழித்து மாதா கோயிலுக்கு ஒன்பது கிலோமீட்டர்

முதலில் எனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலில் பத்தொன்பது வருடம், தினமும் மாலை ஆறரைக்கு, செபமாலையை முன்சொன்னவன் நான். தெரியாதவர்களுக்காக: மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்வார், மறுபாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். மாலையில் கோத்த ஐம்பது மணிக்கும் அப்படித்தான். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு அக்டோபர் மாலை, நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் முன்சொல்லிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். மைக் முன்னால் ஆள் இல்லை. பென்டிரைவ். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவை வாங்கிப் போட்டிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “உங்களுக்கு ரெஸ்ட் கொடுக்கலாம்னுதான்” என்றார் செயலாளர். நான் ரெஸ்ட் கேட்டேனா?

செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பியவன்தான். அதன்பின் எந்தக் கோயில் படியும் மிதிக்கவில்லை. பேத்தியின் ஞானஸ்நானத்துக்கே வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். கோபம் பேரவையின் மேல்தான்; ஆனால் கொஞ்ச நாளில் வீட்டில் செபிப்பதும் நின்றுபோனது. அதற்கு நான் காரணம் சொல்ல முடியாது.

இந்தப் பயணம் போன பிப்ரவரியின் முதல் சனிக்கிழமை. காரணம் சவரிமுத்து. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், என் நாற்பது வருட நண்பன். அந்த மாதக் கடைசியில் ஓசூருக்கு, மகள் வீட்டோடு போய்விடுவதாக இருந்தான். போகுமுன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்: வேடசந்தூரிலிருந்து புளியமரத்துப்பட்டி மாதா கோயிலுக்கு என்னோடு நடந்து வா.

“நடக்க வாரேன். கோயிலுக்குள்ள வரமாட்டேன், செபமும் சொல்ல மாட்டேன்” என்றேன்.

“உன்னைய யாருய்யா செபம் சொல்லச் சொன்னது? துணைக்கு வா, போதும்” என்றான்.

காலை 6.10க்கு திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் வண்டி ஏறினோம். ஆளுக்கு இருபது ரூபாய். சவரிமுத்து எங்கே போனாலும் கண்டக்டர் சீட்டுக்குப் பின்சீட்டில்தான் உட்காருவான். அந்தக் கண்டக்டர் எப்படி விசில் அடிக்கிறார் என்று குறை சொல்லிக்கொண்டே வருவான். 6.55க்கு வேடசந்தூர். இரண்டு இட்லி, ஒரு வடை, டீ. 7.20க்கு நடக்கத் தொடங்கினோம்.

ரோடு தார் ரோடுதான், மேடு பள்ளம் அதிகம் இல்லை. முதல் மூன்று கிலோமீட்டருக்கு மில் பஸ்கள் வரும், ஒதுங்கி நடக்க வேண்டும். அந்த மில்களில் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தேன். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்களில் இரண்டு பேர் இன்னும் கை காட்டினார்கள். அப்புறம் முருங்கைத் தோட்டம், சோளக்காடு. மழை கொஞ்சம் ஏமாற்றாமல் பெய்திருந்ததால் எங்கும் பச்சை. பிப்ரவரியில் வந்தால் இந்தப் பச்சை கிடைக்கும்.

இரண்டாவது கிலோமீட்டரில் சவரிமுத்து செபமாலையை வெளியே எடுத்தான். முதல் பாதியைச் சத்தமாகச் சொன்னான். நிறுத்தினான். என்னைப் பார்த்தான். நான் சோளக்காட்டைப் பார்த்தேன். மறுபாதியை அவனே சொல்லியிருக்கலாம், தனியாகச் செபிக்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவன் சொல்லவில்லை. நூறு அடி நடந்தான். திரும்ப முதல் பாதி. திரும்ப நிறுத்தம். நாலாவது கிலோமீட்டர் டீக்கடை வரை இப்படியே ஏழெட்டுத் தடவை. ஒரு செபம்கூட முடியவில்லை.

டீக்கடை அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறையத் திருநீறு. டீ ஆற்றிக்கொண்டே எங்களைக் கவனித்திருக்கிறார்.

“என்னய்யா, அவரு ஒண்ணு சொல்லிட்டு உங்க மூஞ்சியப் பாக்குறாரு, நீங்க ரோட்டப் பாக்குறீங்க. சண்டையா?”

“சண்டை அவனோட இல்லம்மா. கோயில்காரங்களோட.”

“கோயில்காரங்களோட சண்டைன்னா இவரு என்ன செஞ்சாரு? பாவம், தொண்டை வத்திப் போச்சு” என்று அவனுக்கு மட்டும் இன்னொரு டீ கொடுத்தார். எனக்கு இல்லை.

8.35க்குக் கிளம்பினோம். இனிமேல் நிழல் கிடையாது, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். ஆறாவது கிலோமீட்டரில் சவரிமுத்து முறையாகச் சிலுவை போட்டு, கனைத்துக்கொண்டு, “துக்க தேவ இரகசியம் ஒன்று. இயேசு பூங்காவனத்தில்...” என்று தொடங்கினான்.

எனக்குக் கால் நின்றுவிட்டது. செபமாலையில் பத்து மணிக்கு ஒரு இரகசியம், அதாவது இயேசு, மாதா வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி; அதற்குக் கிழமைக் கணக்கு உண்டு. துக்க இரகசியம் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும். சனிக்கிழமைக்குச் சந்தோஷம்.

“ஏலே, இன்னைக்கு என்ன கிழமை?”

“வெள்ளி.”

“சனிடா! சனிக்குச் சந்தோஷம்டா! முப்பது வருசம் பஸ்ல தேதி போட்டு டிரிப் ஷீட்டு எழுதுனவனுக்குக் கிழமை தெரியலையா?”

“ரிட்டயர் ஆனவனுக்கு எல்லாக் கிழமையும் ஞாயித்துக்கிழமைதான் அப்பு. எனக்குத் துக்கம்தான் மனப்பாடம். அதையே சொல்லிட்டுப் போறேன், மாதா கோவிச்சுக்க மாட்டாங்க.”

பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் நான் கிழமை மாற்றிச் சொன்னதில்லை. பேரவை எனக்குச் செய்த அநியாயத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மாதாவின் சனிக்கிழமையில் துக்கம் சொல்வதைப் பொறுக்க முடியாது. “கொடு இங்க” என்று செபமாலையைப் பிடுங்கினேன். “சந்தோஷ தேவ இரகசியம் ஒன்று” என்றேன். முதல் பாதியைச் சொன்னேன். மறுபாதி பக்கத்திலிருந்து உடனே வந்தது, பழைய பஸ் ஸ்டாண்டு குரலில், கருவேலங்காட்டுக் கொக்குகள் எழும்பும்படி.

இரண்டாவது இரகசியம், மரியாள் மலைநாட்டுக்கு நடந்து போய் எலிசபெத்தைச் சந்தித்தது. அதைச் சொல்லும்போது பக்கத்தில் நடக்கிறவனை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். நான்காவதில் கோபுரச் சிலுவை தெரிந்தது. ஐந்தாவது, காணாமற்போன இயேசுவைக் கோயிலில் கண்டது. இதை ஆயிரக்கணக்கான தடவை சொல்லியிருக்கிறேன். பிள்ளை காணாமல் போய்விட்டதாகவே நினைத்திருந்தேன். அன்றுதான் உறைத்தது: பிள்ளை எங்கும் போகவில்லை. கோயிலில்தான் இருந்தார். ஒரு நாள் வழி விலகி நடந்தது பெற்றோர்தான்.

என்னுடையது பதினோரு வருட வழி.

கோயில் வாசலுக்கு வந்தபோது செபமாலையில் இன்னும் நாலு மணி பாக்கி. ஒரு இரகசியத்தின் பத்து மணிகளுக்கு நடுவில் முன்சொல்கிறவர் நிறுத்தக் கூடாது, அது எங்கள் வழக்கம். சவரிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபாதியைச் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டான். நான் வெளியே நின்றால் அவனுக்குக் கேட்காது. என்ன செய்வது? போனேன். கடைசி நாலு மணியை மாதா சுரூபத்துக்கு நேராக நின்று சொன்னேன். நேரம் 10.05. கொடுத்த வாக்கை என் வாழ்க்கையில் மீறியது அன்று மட்டும்தான், அதற்கு வருத்தமில்லை.

பதினொரு மணிப் பூசைக்கு முன்னால் ஒப்புரவுக்கு, அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லப் போனேன். வத்தலக்குண்டுப் பக்கத்து இளம் சாமியார். எல்லாவற்றையும் சொன்னேன், பென்டிரைவ் உட்பட. பொறுமையாகக் கேட்டுவிட்டு, பரிகாரமாக ஒரு செபமாலை சொல்லுங்கள் என்றார்.

“இப்பத்தான் சாமி முழுசாச் சொல்லிட்டு வாரேன்.”

“அது நண்பருக்காகச் சொன்னது. இது உங்களுக்கு” என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பூசை முடிந்து 12.30க்குக் கோயில் பின்புறம் சாப்பாடு. முதல் சனிக்கிழமைகளில் யார் வந்தாலும் இலை போடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் விவசாயம் செய்கிற இந்துக் குடும்பத்தார் நேர்ச்சையாக மூட்டை மூட்டையாகக் காய் கொண்டுவந்து இறக்குவார்கள். கத்திரிக்காய் வெஞ்சனம் இரண்டு தடவை வாங்கினேன். “கோயிலுக்குள்ள வரமாட்டேன்னவன் பந்தியில மொத ஆளு” என்றான் சவரிமுத்து, பரிமாறுகிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. கிழமையைத் தெரிந்தேதான் மாற்றினாயா என்று கேட்டேன். ரசத்தைக் குடித்துக்கொண்டே இருந்தான். திரும்ப 2.40க்கு மினி பஸ், பதினைந்து ரூபாய். அந்தக் கண்டக்டரிடமும் விசில் பற்றிப் பேசினான்.

இனி ஆக வேண்டியவை. நடந்து போகிறவர்கள் ஏழு மணிக்குள் கிளம்ப வேண்டும், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுக்க வேண்டும், டீக்கடைக்குப் பிறகு எதுவும் கிடைக்காது. ஊராட்சி ஆறாவது கிலோமீட்டரில் ஒரு நிழற்குடை போட வேண்டும். எங்கள் பங்குப் பேரவை பென்டிரைவைக் கழற்றிவிட்டு ஒரு மனிதரை நிறுத்த வேண்டும். நானாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் மூச்சு விடுகிறவராக இருக்க வேண்டும். செயலாளர் என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டாலும் ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது நான் அவர் பக்கம் திரும்ப வேண்டும். கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிற நண்பர் உங்களுக்கு இருந்தால், நீங்கள் அவரோடு வாதாட வேண்டாம். முதல் பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள், எத்தனை கிலோமீட்டர் ஆனாலும்.

சவரிமுத்து ஓசூரில் தினமும் மாலை ஆறரைக்குப் போனைச் சார்ஜ் போட்டு, பேரன் கையில் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும். கூப்பிட வேண்டியது நான். கிழமை சொல்ல வேண்டியதும் நான். மறுபாதி அவனுடையது.