கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு

லைல் வான்கூரா கடிதத்தை மூன்று முறை படித்தான். மூன்று முறையும் அது ஒன்றையேதான் சொன்னது: அவனுடைய லைசென்ஸ் மறுபடி நிறுத்தப்பட்டுவிட்டது. என்ன தப்புக்கு என்பதுதான் விளங்கவில்லை. ஒரு மாதமாக அவன் வண்டியையே தொடவில்லை.

தப்பு ஒன்று உண்டு, அது பழையது. ஒன்றுவிட்ட தம்பியின் கல்யாணத்தில் போல்கா நடனம் ஆடி, பீர் குடித்து, தானே வீட்டுக்கு ஓட்டி வந்தவன் ஒரு வேலியைச் சாய்த்துக்கொண்டு போய் ஓடைக்குள் இறங்கினான். லைசென்ஸ் போயிற்று. திரும்பி வந்தபோது கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. மூன்று வருடம் அவன் பெயரில் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று கம்பெனி மாநிலத்துக்குச் சான்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மாதம் எண்பது டாலராக இருந்த பிரீமியம் இருநூற்று அறுபதாயிற்று. தானியக் கிடங்குச் சம்பளத்தில் அதைக் கட்டினான். இன்னும் ஐந்து மாதம்தான் பாக்கி.

ஜனவரிப் பனியில் அவனுடைய பிக்கப் வண்டியின் கியர்பெட்டி போயிற்று. வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கொட்டகைக்குள் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடினான். அப்பா வருடாவருடம் செய்ததையே அவனும் செய்தான். அறுவடை முடிந்து லாரி கொட்டகைக்குள் போன அன்றே அப்பா இன்சூரன்ஸை நிறுத்தச் சொல்லி போன் போடுவார். விதைப்புக்கு முன்னால் மறுபடி ஒரு போன். தெற்கு டகோட்டாவில் அந்தப் பக்கம் எல்லோரும் அப்படித்தான். நிற்கிற வண்டிக்கு யார் பணம் கட்டுவார்கள்?

மதியச் சாப்பாட்டு இடைவேளையில், கிடங்கில் கூட வேலை செய்யும் ட்வைட் அவனை இன்சூரன்ஸ் ஏஜென்ட் மார்லிஸின் ஆபீசுக்கு ஏற்றிக்கொண்டு போனான்.

"வண்டி ஓட்டாமயே லைசென்ஸத் தொலைச்ச ஆளு இந்த மாவட்டத்துலயே நீ ஒருத்தன்தாண்டா."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

மார்லிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கடிதத்தைப் பார்த்தாள். "கம்பெனிக்கு போன் பண்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கொட்டகைல நிக்கிற வண்டி யாரப் போயி இடிக்கப் போவுது, மார்லிஸ்?"

"அந்தச் சான்று வண்டிக்கு இல்லப்பா, உனக்கு. வண்டி நின்னாலும் அது நிக்கக் கூடாது."

"வண்டிய வித்துட்டா?"

"அப்பவும் கட்டணும். வண்டி இல்லாதவங்களுக்குன்னே ஒண்ணு வச்சிருக்காங்க."

"இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ்."

"ஆமா."

லைல் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான். "மிச்சம் அஞ்சு மாசம்தான?"

"அத மாநிலத்துக்காரங்கதான் சொல்லணும். மூணு வருஷத்தையும் முதல்லேர்ந்து எண்ணுன்னு சொன்னாலும் சொல்லுவாங்க."

"சனிக்கிழமைக்குள்ள லைசென்ஸ் வந்துடுமா?"

விவாகரத்துக்குப் பிறகு தாயோடு யாங்க்டன் ஊரில் இருக்கும் மகள் ப்ரின்னுக்கு அந்த வாரம்தான் பதினாலு முடிந்து, அந்த மாநிலத்தில் அந்த வயதிலேயே தரும் பழகுநர் லைசென்ஸ் கிடைத்திருந்தது. முதல் நாள் பக்கத்தில் உட்காருவதாக இரண்டு வருடத்துக்கு முன்பே அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

"நான் சும்மா பக்கத்துலதான உக்காரப் போறேன். ஓட்டப் போறது அவ."

"பக்கத்துல உக்கார்ற ஆளுக்குத்தான் முழு லைசென்ஸ் இருக்கணும்."

நேற்றுக் கற்க ஆரம்பித்தவள் ஓட்டலாம். முப்பது வருடம் ஓட்டியவன் பக்கத்தில் உட்காரக் கூடாது. லைல் அதை மனதுக்குள் ஒருமுறை திருப்பிப் போட்டுப் பார்த்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது சரியாக நிற்கவில்லை.

"புதுசா பாலிசி போட்டு, சான்ற இன்னிக்கே அனுப்பிடறேன். லைசென்ஸ் வர பத்து நாளாவது ஆகும். மாசம் முந்நூத்திப் பத்து வரும்," என்றாள் மார்லிஸ். அவன் கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை காலை ப்ரின்னை அழைத்துக்கொண்டு அவள் தாய் ரெனே காரில் வந்தாள். இறங்கி, ப்ரின்னை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்து, பக்கத்து சீட்டின் கதவை அவனுக்காகத் திறந்து வைத்துவிட்டு, "நான் உள்ள போயி காபி குடிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க," என்றாள்.

பனி வயல்களுக்கு நடுவே ரோடு காலியாகக் கிடந்தது. பேசாமல் ஏறி உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. ப்ரின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். அவன் திறந்த கதவருகே கொஞ்ச நேரம் நின்றான்.

"நீயே உக்காரு, ரெனே," என்றான். "என் லைசென்ஸ் மறுபடியும் போச்சு."

"மறுபடியும் குடிச்சியா?"

"இல்ல. இன்சூரன்ஸ நிறுத்திட்டேன். எனக்கே சரியாப் புரியல."

ரெனே அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு ஏறிக்கொண்டாள். அவன் பின் சீட்டில், முட்டி இடிக்க உட்கார்ந்தான்.

ப்ரின் கண்ணாடியில் அவனைத் தேடினாள். "அப்பா, பின்னாடி உக்கார லைசென்ஸ் வேணாமா?"

"வேணாம்னுதான் நெனைக்கிறேன்," என்றான் லைல். "மெதுவா எடு."

கார் இரண்டு முறை குலுங்கி நகர்ந்தது. கொட்டகையைத் தாண்டும்போது தார்ப்பாய்க்குக் கீழே பிக்கப்பின் சக்கரம் தெரிந்தது. அது எங்கும் போகவில்லை.