நான் டைப் அடித்த வாக்குமூலம்

எழுபதுகளின் கடைசியில், கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் எனக்கு வாய்த்தது துப்பாக்கி இல்லை, டைப்ரைட்டர். விடுப்பு மனுவும் தொப்பி தொலைத்தவனின் விளக்கமும் அடித்து அடித்தே அலுத்துப் போயிருந்தேன்.

ஒரு காலை, லாரி ஓட்டும் கார்ப்பரல் ஒருவன் என் மேசை முன் வந்து நின்றான். சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துப் பையன், என் வயதுதான். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, சுவா சூ காங் கோழிப்பண்ணைகளுக்கு மேலே வெள்ளி நிறத்தில் வட்டமாக ஒன்று சத்தமே இல்லாமல் நின்றதாம். லாரியை நிறுத்திப் பார்க்கும்போதே விருட்டென்று மேலேறி மறைந்துவிட்டதாம். சொன்னபடியே அடித்துக் கொடுத்தேன். பறவை என்று மாற்றச் சொன்னார் அதிகாரி. அவன் மாட்டேன் என்றான். தாள் அவருடைய இழுப்பறைக்குள் போனது, அவ்வளவுதான். மேலிடத்திலிருந்து யாரும் வரவுமில்லை, மிரட்டவுமில்லை. முகாமில் மட்டும் அவனுக்குக் கிறுக்கன் என்று பெயராகிவிட்டது.

அந்தப் பெயர் அவனுக்கு நிச்சயித்திருந்த பெண்ணின் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்னாருக்கு இன்னாரோடு கல்யாணம் என்று அறிவிக்கும் ஓலையை மாதா கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். ஒன்று வாசித்தாகிவிட்டது. மறு வாரமே பெண்ணின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு லா. நீதானே டைப் அடிச்ச? நான் உளறலன்னு மட்டும் சொன்னா போதும்," என்று என்னிடம் வந்து கெஞ்சினான்.

எனக்குச் சேவை முடிய ஒரு மாதம் இருந்தது. அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். வம்பு எதற்கு என்று, "இது ரகசியம்னு என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. வாயத் திறக்க முடியாது," என்றேன். பச்சைப் பொய். அவன் அப்படியே நம்பிவிட்டான். இரண்டாவது ஓலை வாசிக்கப்படவே இல்லை.

எண்பதுகளில் புக்கிட் பாத்தோக்கில் வீடு கிடைத்துக் குடிபோனேன். வேலை முடிந்து செத்த பிணமாக வந்துகொண்டிருந்த ஒரு மாலை, கீழே காப்பிக்கடையில் அவன் உட்கார்ந்திருந்தான். டாக்சி ஓட்டுகிறானாம். கல்யாணம் ஆகவில்லை. கூட இருந்த டிரைவர்களுக்கு என்னைக் காட்டினான்.

"அண்ணே, நான் சொல்வேன்ல, இவன்தான். ஒண்ணுமே இல்லன்னா அரசாங்கம் எதுக்கு இவன்கிட்ட கையெழுத்து வாங்குது? நீங்களே கேளுங்க."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அவன் கண்டது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இத்தனை வருஷமாக அவன் கையில் இருந்த ஒரே சாட்சி என் பொய் என்பது அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது. அதைவிடக் களைப்பாக இருந்தது.

"ஆமா, வாங்கினாங்க," என்றேன்.

அவன் எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான்.