எஜமானியின் பட்டினியும் என் கழா நோன்பும்

காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் குவைத்தில் நான் வேலை செய்யும் வீட்டின் திரைச்சீலைகளையெல்லாம் இழுத்து மூடவேண்டும். பிறகு வீடியோவில் கசெட்டைப் போடவேண்டும். இறுக்கமான உடுப்போடு ஒரு வெள்ளைக்காரி கைகளை உயர்த்திக் குதிப்பாள். அவளைப் பார்த்து என் எஜமானி குதிப்பாள். தனியாகக் குதிக்க வெட்கமாம், அதனால் நானும் கூடக் குதிக்கவேண்டும். ஏரோபிக்ஸ் என்று இதற்குப் பேர். உடம்பு மெலிய ஒருத்தி ஆளும் வைத்துக் குதிக்கிறாள் என்றால் இலங்கையில் எங்கள் நிந்தவூர்ப் பெண்டுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. றமழான் முடிந்த பிறகும் எஜமானி பட்டினியை விடவில்லை. பகலில் தண்ணீர் மட்டும் குடிப்பாள், அதையும் நோன்பு என்றே சொல்வாள். பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ஒரே ஒரு நேரச் சாப்பாடு. பிள்ளை பெற்றுப் பெருத்த உடம்பு குறையாவிட்டால் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிவிடுவான் என்ற பயம். பாவம்தான். ஆனால் சோற்று மணம் அவளுக்கு ஆகாது என்று பகலில் அடுப்பு மூட்டக்கூடாது, குளிர்பெட்டிக்கும் பூட்டு. குதித்து முடித்து அவள் படுத்துவிடுவாள். நான் கம்பளம் கழுவவேண்டும். “பசிக்கிறது” என்று எனக்குத் தெரிந்த அரபியில் ஒருநாள் சொன்னேன். “எனக்கும்தான், பொறுத்துக்கொள்” என்று தோளில் தட்டிக்கொடுத்தாள்.

ஊரில் றமழானில் விடுபட்ட நோன்புகளைப் பெண்கள் பிறகு கழாவாகப் பிடிப்பார்கள். அந்த நாட்களில் உம்மா என்னை வெயிலில் இறங்க விடமாட்டா. கஞ்சியைத் தானே ஆற்றிக் கொண்டுவந்து வைப்பா. எப்படியும் பட்டினிதானே, கழாவாவது கழியட்டும் என்று இங்கே இரவில் மிஞ்சியதைச் சாப்பிட்டு, நோன்பு பிடிப்பதாக நிய்யத் வைக்கத் தொடங்கினேன். மனசுக்கு ஆறுதலாக இருந்தது. உடம்பு மட்டும் உருகிக்கொண்டே போனது.

பக்கத்து வீட்டில் வேலை செய்யும், எங்கள் ஊருக்குக் கிட்டவுள்ள சாய்ந்தமருது ராத்தா, குப்பை கொட்டப் போன இடத்தில் என்னைக் கண்டு தலையில் கைவைத்தா.

“என்ன புள்ள, இப்பிடி வத்திப் பெய்த்தாய்? உன்ட உம்மா கண்டா திரும்ப அனுப்புவாவா?”

“அனுப்பமாட்டா ராத்தா. தங்கச்சிட வூடு கூரையில்லாம நிக்கிது. அத முடிக்காம நான் எப்பிடிப் போற?”

“அப்ப திண்டு உடம்ப வை, மகள்.”

உடம்பு வைப்பது என் கையிலா இருக்கிறது? வெளிநாட்டிலிருந்து வந்திறங்குகிறவளின் கன்னத்தைத்தான் எங்கள் ஊர் முதலில் பார்க்கும். கன்னம் ஒட்டியிருந்தால் போன வீடு சரியில்லை என்று அர்த்தம். வீடு இல்லாத பெண்ணுக்கோ எங்கள் பக்கம் மாப்பிள்ளை வராது. இந்த வேலை போனால் தங்கச்சியின் கலியாணமும் போச்சு.

போன கிழமை குதித்துக்கொண்டிருக்கும்போதே எஜமானி கசெட்டை நிறுத்தினாள். எதிரே பெரிய கண்ணாடி. அவள் உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்தில் நான் ஈர்க்குப் போல நின்றேன்.

“நீ யாருக்காக மெலிகிறாய்?” என்று கேட்டாள்.

முதலில் விளங்கவில்லை. அவள் கண் புருஷனின் அறைக் கதவுக்குப் போய்த் திரும்பி வந்தது. யா அல்லாஹ்! இந்தப் பேச்சு வாசலைத் தாண்டினால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். நான் இறங்குவதற்குள் கெட்ட பேர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

“வல்லாஹி, அப்படி ஒன்றும் இல்லை மேடம்.”

“அப்படியானால் சாப்பிடு.”

பூட்டைத் திறந்தாள். இறைச்சியும் சோறும் சூடாக்கித் தன் கையாலேயே என் முன் வைத்தாள். நடுப்பகல் லுஹர் பாங்கு கூட இன்னும் சொல்லவில்லை, எனக்குக் கழா நோன்பு. நோன்பு என்று சொன்னால் தன்னைப்போல நானும் மெலியப் பட்டினி கிடக்கிறேன் என்றே எடுத்துக்கொள்வாள். சாப்பிடாவிட்டாலும் அதுதான் முடிவு. என் மானத்தைக் காப்பாற்ற அல்லாஹ்வுக்குக் கொடுக்கவேண்டியதை நான் முறிக்கவேண்டியிருந்தது.

பிஸ்மி சொல்ல நா எழவில்லை. முதல் கவளத்தை வாயில் வைத்தேன். எத்தனை நாளாகக் கனவு கண்ட சோறு! வயிறு வெட்கமில்லாமல் கேட்டது. எதிரே இருந்து அவள் எச்சில் விழுங்கிக்கொண்டே பார்த்தாள்.

“நான் நோன்பு” என்றேன், வாய் நிறையச் சோற்றோடு, தமிழில். யாருக்காவது சொல்லவேண்டும் போலிருந்தது.

அவளுக்கு விளங்கவில்லை. இன்னும் ஓர் அகப்பை சோறு வைத்தாள்.