நிறம் வந்திட்டுதா?

ஊரை விட்டு வந்து குடியேறிய புருசெத்தில் எங்கள் ஐந்தாம் மாடி வீட்டுக்குத் தட்டைத் தொலைக்காட்சி வந்த அன்று, பல்கனியில் டிஷ்ஷைத் திருப்பியபடி என் கணவர் மறுபடியும் அந்தக் கதையைத் தொடங்கினார். ஊரில் அவர்கள் ஒழுங்கையில் முதன்முதல் கலர் ரீவி வாங்கிய வீட்டுக் கதை. அலை பலமில்லாவிட்டால் படம் மட்டும் வரும், நிறம் வராது. யன்னலோரம் நட்டிருந்த அன்ரனாக் குழாயைப் பிடித்து இவர்தான் மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். அந்த வீட்டுப் பெட்டை யன்னலில் நின்று, இன்னும் வரவில்லை, இன்னும் கொஞ்சம் என்பாளாம். ஒழுங்கையே உள்ளே இருந்து படம் பார்க்க, இவர் மட்டும் வெயிலில் நின்றாராம். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்.

எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. ஒரு பல்ப் மாற்றவே மூன்று நாள் சொல்ல வைக்கிற மனிதர், யாருக்கோ வாராவாரம் வெயிலில் காய்ந்திருக்கிறார்.

அந்தப் பெட்டை இப்போது இதே நகரின் மறுகோடியில், பியோர்ண்டாலில் இருக்கிறாள் என்று ஒரு கலியாண வீட்டில் அறிந்தேன். நானே வீட்டுக்கு அழைத்தேன், நல்ல மனதோடு அல்ல. இவரை அவள் மறந்துவிட்டாள் என்று என் காதால் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவரோடு வந்தாள். தலைக்குச் சாயம் பூசியிருந்தாள், ஆனாலும் வடிவுதான். என்னை அக்கா என்றாள். இவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. அதையும் கவனித்துக்கொண்டு, பற்றீஸ் தட்டை நீட்டியபடி அன்ரனாக் கதையை நானே எடுத்தேன்.

அவள் மறந்திருக்கவில்லை.

"நிறம் அப்பவே வந்திடும் அக்கா. நான்தான் வரேல்லை எண்டு சொல்லுறனான். வந்திட்டுது எண்டால் இவர் குழாயை விட்டிட்டு உள்ளை போயிடுவார்."

அவள் கணவர் சின்ன வயதுக் குறும்பென்று பெரிதாகச் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன். என்னவரும் ஏமாந்துபோய்ச் சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் புதுத் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"தெரியும். நிறம் வர உள்ளை சனம் கைதட்டினது எனக்கும் கேட்டதுதானே."

எத்தனையோ தரம் எனக்குச் சொன்ன கதை. இந்த ஒன்றை மட்டும் கலியாணமாகிப் பதினாறு வருஷமாக எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்.