வெள்ளைக் கிலுகிலுப்பை

பதின்மூன்று மாதக் குழந்தை செல்லிக்கு வலிப்பு கண்டு அன்று மூன்றாம் நாள். மைசூர் ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை. எண்பது வயதைத் தாண்டிவிட்டேன். பெருமாள் செய்த உபகாரத்தைச் சொல்ல வந்தால் இதிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்து அரக்கு மரப் பொம்மைகளைப் புது மாதிரியில் வரைந்து, பெரிய நகரத்துக் கடைகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தேன். சித்திரம் படித்த கர்வம் எனக்கு. வீட்டின் பின்கட்டில் கடைசல் பட்டறை போட்டேன். கடைந்தவர் ஹனூர்ப் பக்கத்துப் பழனி. செல்லி அவருடைய மகள்.

சுழல்கிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், அந்தச் சூட்டிலேயே நிறம் இளகி மரத்தோடு ஒன்றாகிவிடும். ஆனால் அரக்கில் தூய வெள்ளை வராது. பம்பாய்க் கடைக்காரர் பால் வெள்ளையில் கிலுகிலுப்பை கேட்டார். நான் டப்பா பெயிண்ட் வாங்கி வந்தேன்.

பழனி தூரிகையைத் தொடவில்லை. "சாமி, பெயிண்டு உரிஞ்சு வருமுங்க. புள்ளைங்க வாயில வெக்கிற சாமானுங்க இது."

"அரக்குல வெள்ளை வரதா, சொல்லு?"

"சந்தன நெறந்தான் வருமுங்க. பல்லு மொளைக்கிற புள்ளைக்கு வெள்ளையென்ன, சந்தனமென்ன? கடிக்கத்தான போவுது?"

"பம்பாய்க்காரன் கடிக்கமாட்டான். நீ கடைஞ்சு குடு, போறும்."

நானே பூசினேன். முதல் கிலுகிலுப்பையை நானே செல்லியின் கையில் கொடுத்தேன். அவள் எப்படிப் பிடிக்கிறாள் என்று பார்த்து வளையத்தின் பருமனைத் திருத்த வேண்டும் என்பது என் எண்ணம். வாரம் ஒருமுறை பென்சிலும் காகிதமுமாகப் போய் அவள் எதிரே உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். அவள் எந்நேரமும் அதை வாயில் வைத்திருந்ததையும் அதில் எழுதியிருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் குழந்தை வெளுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு வலிப்பு. அவளை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன அன்று அவர்கள் வீட்டில் கிலுகிலுப்பை கிடந்தது. வளையம் முழுக்க வெள்ளை போய் மரம் தெரிந்தது. பெயிண்டில் ஈயம் உண்டு, ஈயம் விஷம் என்று படித்தவன் நான். அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் கேட்டார்: "குழந்தை எதையாவது சப்புமா?"

"எல்லாத்தையுந்தானுங்க," என்றார் பழனி. நான் பக்கத்தில்தான் நின்றேன். பட்டறையில் பம்பாய்க்குப் போகவேண்டிய பெட்டிகள் ஆணி அடித்துத் தயாராக இருந்தன. வாய் திறக்கவில்லை. ஆனால் விடாமல் பிரார்த்தித்தேன். ரங்கநாதா, குழந்தையைக் காப்பாற்று. அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது.

மூன்றாம் நாள் காலை ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். சேவிக்க மட்டுமல்ல. கிலுகிலுப்பையைக் காவிரியில் எறிந்துவிட்டு வருவதற்காகவும். உத்தரீயத்தில் முடிந்து வைத்திருந்தேன். சன்னதியில் விழுந்து சேவித்தபோது அது தரையில் பட்டுக் கலகலத்தது.

அர்ச்சகர் சிரித்தார். "கிலுகிலுப்பை சத்தம் கேக்கறதே! ஒங்காத்துக் குழந்தையா ஸ்வாமி? பேர் சொல்லுங்கோ, அர்ச்சனை பண்ணிடறேன்."

"செல்லி."

"நக்ஷத்ரம்?"

"தெரியாது."

"பெத்த குழந்தை நக்ஷத்ரம் தெரியாதா? சென்னாயித்து, நன்னாயிருக்கு போங்கோ!"

என் குழந்தை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. இரண்டு மாதம் அந்தக் குழந்தையின் விரல்களை அளந்திருக்கிறேன். அவள் எந்த நட்சத்திரம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. குழந்தையைக் காப்பாற்று என்ற பிரார்த்தனை அங்கே நின்றுபோனது. என்னைப் பேச வை என்று மட்டும் கேட்டேன். நதிப்பக்கம் போகாமல் பஸ் ஏறினேன்.

பழனியின் கண்முன்னே கிலுகிலுப்பையை டாக்டரிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஈய விஷத்துக்கான மருந்து மறுநாள் பெங்களூரிலிருந்து வந்தது. வலிப்பு நின்றது. ஆறாம் நாள் காலை செல்லி பசித்து அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே விழுந்து சேவித்தேன்.

பழனி என்னை அடிக்கவில்லை. "புள்ள பொழச்சுக்கிட்டா. அதனால நீங்களும் பொழச்சீங்க சாமி," என்றார். அவ்வளவுதான்.

பெட்டிகளைப் பிரித்து அத்தனையையும் பட்டறை முற்றத்தில் எரித்தேன். பம்பாய்க்கு உண்மையை எழுதினேன். பதில் வரவில்லை. பட்டறையை விட்டுப் போயிருந்த பழனி எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். "நெறம் நாந்தான் சொல்லுவனுங்க. நீங்க வரைஞ்சு குடுங்க, போதும்." அப்படியே நடந்தது. அரக்கைத் தவிர வேறெதுவும் எங்கள் பொம்மைகளில் ஏறவில்லை. தொழில் நிலைத்தது, பெரிதாகவில்லை. அதில் எனக்குக் குறையில்லை.

கேட்டதெல்லாம் கிடைத்தது என்று எழுத என் கை வராது. செல்லி நடந்தாள், வளர்ந்தாள், கல்யாணமும் ஆயிற்று. ஆனால் பேச்சு தாமதமாக வந்தது. எழுத்து ஏறவே இல்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் நன்றியும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன. களைத்துப்போயிருக்கிறேன். ஆனாலும் தினமும் சேவிக்கிறேன். என்னைப் போன்றவன் கேட்டதற்கும் பெருமாள் செவிசாய்த்தார்.

உங்களில் யாராவது ஒன்றை மறைத்துக்கொண்டு வேறொன்றை அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தால், மறைத்ததை முதலில் சொல்லிவிடுங்கள். நம்பிச் சொல்லுங்கள், அவர் கைவிடமாட்டார். நாளை என்று தள்ளாதீர்கள். நான் மூன்று நாள் தள்ளினேன். அந்த மூன்று நாளும் வலித்தது எனக்கல்ல.