எரிமலை சாண்ட்விச்சும் எங்கள் அக்காவின் உஸ்ஸும்

அழுவதுதான் எங்கள் வீட்டு மூத்த மருமகளின் பிழைப்பு. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வீட்டில் அவள் அழுது நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. சினிமாவிலும் சீரியலிலும் விளம்பரத்திலும் வேறு யாரோ வாயைத் திறப்பார்கள், சத்தம் இவளுடையதாக இருக்கும். வசனம் பேசுகிற பெரிய குரல்காரர்கள் வேறே. இவளுக்கு வருவதெல்லாம் உதிரி வேலை: விசும்பல், தும்மல், இருமல், கைக்குழந்தை வீறிடுவது, கூட்டத்தோடு கூட்டமாக "ஐயையோ, பிடிங்க பிடிங்க!" என்று கத்துவது. சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறையில் மைக் முன்னால் நின்று நாள் முழுக்கத் தும்மிவிட்டு வருவாள். பெயர் எங்கேயும் வராது.

நான் இளையவள், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவள். மருந்துக் கடையில் பில் போடுகிறேன். ஓரகத்திகள் என்றால் முடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும். எங்களுக்குள்ளும் சண்டை உண்டு. ஆனால் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மாமியார் இருந்ததால் அது பெரிசாக வளர வழியில்லாமல் போய்விட்டது.

அத்தையைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். யாருக்காவது காய்ச்சல் என்றால் நெற்றியிலிருந்து கையை எடுக்க மாட்டார். ஆனால் வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டால் அது தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. டீகூட அப்படித்தான். அடுப்பிலிருந்து இறக்கின கையோடு கொதிக்கக் கொதிக்க வேண்டும். கொஞ்சம் ஆறியிருந்தாலும், "இது எதுக்கு, கை கழுவவா?" என்பார்.

மாடி வீட்டுத் தையல்கார அம்மா தினமும் படிக்கட்டில் நின்று, "மருமகளுங்க எங்க?" என்று கேட்பார். அத்தையின் பதிலும் தினமும் ஒன்றுதான். "சின்னவ வேலைக்குப் போயிருக்கா. பெரியவ கடைக்குப் போயிருக்கா." காலையில் போனவள் பொழுது சாய்ந்து தொண்டை கட்டிக்கொண்டு திரும்பினாலும் கடைக்குத்தான் போயிருப்பாள். அப்படி என்ன கடையோ! வாயால் சத்தம் போடுவதற்கு ஒருத்தன் கூப்பிட்டுச் சம்பளம் கொடுப்பான் என்பதை அத்தை நம்பத் தயாராக இல்லை.

அக்கா சிரித்துக்கொண்டே போய்விடுவாள். ஆனால் ஒரு தடவை துணி உலர்த்தும்போது என்னிடம் சொன்னாள்: "அவங்க வாயால ஒரே ஒரு தடவை 'வேலைக்குப் போயிருக்கா'ன்னு சொல்லிக் கேட்டுட்டாப் போதும்டி எனக்கு." அவளுக்காக எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் அத்தையின் புடவையை முறுக்கிப் பிழிந்தேன், வேறென்ன செய்ய முடியும்?

அந்தச் சமயத்தில்தான் எரிமலை சாண்ட்விச் வந்து தொலைத்தது. டீவியைப் போட்டால் எரிமலை, பஸ்ஸின் முதுகில் எரிமலை, பெட்ரோல் போடப் போனாலும் எரிமலை. விளம்பரத்தில் ஓர் அழகான பெண் சாண்ட்விச்சைக் கடிப்பாள். கண் விரியும், வாய் திறக்கும். "ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்... ஹாஆ... ட்ச்!" உடனே ஒரு கட்டைக் குரல், "தாங்குவீங்களா?" என்று கேட்கும். அவ்வளவுதான் விளம்பரம். ஊரே பைத்தியம் பிடித்து அலைந்தது. பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிட்டு ஒரு "ஸ்ஸ்... ஹாஆ... ட்ச்!" போடுகிறார். என் கடைக்கு வயிற்று வலி மாத்திரை வாங்க வந்தவர்கூடப் போட்டார்.

"அது நான்தான்," என்றாள் அக்கா, டீவி முன்னால்.

அத்தை டீவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு வாயைத் திறக்கிறது என் கண்ணுக்கே தெரியுது. நீ எங்க இருக்க அதுல?"

அக்கா அங்கேயே செய்து காட்டினாள். அச்சு அசல். எனக்கே புல்லரித்தது.

"பக்கத்து வீட்டுப் பசங்களும்தான் பண்ணுதுங்க. கண்டக்டர் பண்றாராம். அப்ப எல்லாருமா சேர்ந்து போய்க் குரல் கொடுத்தாங்களா?"

ஊர் முழுக்க அவள் சத்தத்தைப் போட்டதால் அவளுடையது என்று சொல்லவே வழியில்லாமல் போய்விட்டது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அடுத்து வந்த மெத்தை விளம்பரத்தைப் பார்த்து, "கருமம், என்ன குறட்டை! மாடு தோத்துடும்," என்று சிரித்தேன். அக்கா ஏனோ எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். "வாங்க அத்தை, அந்த எரிமலைக் கடைக்கே போவோம். உங்க கண்ணு முன்னாடி கடிக்கிறேன். சத்தம் தானா வரும். அப்பவாவது நம்புவீங்களா?"

"வரட்டும், பாப்போம்," என்றார் அத்தை. நான் எதற்குப் போனேன்? ஓசியில் சாண்ட்விச் கிடைக்கும்போது வீட்டில் உட்கார எனக்கென்ன வேண்டுதலா?

கடையில் நிற்க இடமில்லை. நாற்காலியைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். அத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, "திருட்டுப் பயமா?" என்று கேட்டபடி இடுக்கில் நுழைந்து உட்கார்ந்தார். சுவரில் பெரிய திரையில் அதே விளம்பரம் திரும்பத் திரும்ப ஓடியது. எங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் நான் போய்த் தட்டை வாங்கி வந்தேன். படத்தில் தலையணை மாதிரி இருந்த சாண்ட்விச் நேரில் சப்பிக் கிடந்தது. உள்ளே ஒரு பொரித்த கோழித் துண்டு, மிளகாய் வில்லைகள், சிவப்பாக ஒரு சாஸ். ஆனால் வாசனையே மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து நன்றாக ஒரு கடி கடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மென்றாள். முகம் சிவந்தது. கண் நிறைந்தது. வாய் திறந்தது.

"விக்!"

"என்னது?" என்றார் அத்தை.

"விக்!"

சுற்றிலும் எல்லா மேஜையிலும் ஸ்ஸ்... ஹாஆ... ட்ச் என்று அவள் சத்தம்தான். அவளிடம் மட்டும் அது இல்லை. மறுபடி கடித்தாள், மறுபடி விக்கல். உஸ்ஸென்று தொடங்கப் பார்த்தாலும் நடுவில் வெட்டிக்கொண்டு போனது. எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே அடங்கிவிட்டது. பாவி மகள், எவ்வளவு ஆசையாகக் கூட்டிவந்தாள்!

அத்தை தீர்ப்பு சொன்னார். "பாத்தியா? உனக்குக் காரம்னா விக்கல். அது வேற யாரோ. இதுக்குப் போய் எதுக்குப் பொய் சொல்லணும்? கொண்டா இங்க, காசு கொடுத்து வாங்கினதை வீணாக்காம." அக்கா கையிலிருந்ததை வாங்கி, "இதெல்லாம் ஒரு காரமா, சும்மா பேர்தான்," என்று சொல்லிக்கொண்டே பெரிய கடியாகக் கடித்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அத்தையின் கண் விரிந்தது.

"ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்... ஹாஆ... ட்ச்!"

பக்கத்து மேஜைகள் அமைதியாகிவிட்டன. மற்றவர்கள் போட்டதெல்லாம் காப்பி, இது அசல் என்று கேட்ட யாருக்கும் தெரிந்திருக்கும். தொப்பி போட்ட கடைப் பையன் தண்ணீரோடு ஓடிவந்தான். "அம்மா, விளம்பரத்துல வர்றது நீங்களா? இன்னொரு தடவை பண்ணுங்கம்மா!"

"போடா, வாய் எரியுது!" என்றார் அத்தை. அதே நேரம் திரையில் அந்தப் பெண் கடித்தாள். "ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்... ஹாஆ... ட்ச்!" மூச்சு இழுப்பது, நடுவில் நிறுத்துவது, கடைசியில் நாக்கைத் தட்டுவது, எல்லாம் ஒன்றே.

அத்தை தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "இது... நான் டீ குடிக்கிற சத்தம்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட ஆமாம்! தினம் காலையில் எங்கள் சமையலறையில் கேட்கிற சத்தம். கேட்டுக் கேட்டு எங்கள் காதில் விழாமலே போயிருக்கிறது.

"ஆமா அத்தை," என்றாள் அக்கா, விக்கலுக்கு நடுவே. "அன்னிக்கு ரெக்கார்டிங்ல என்ன சத்தம் போட்டாலும் விளம்பரக்காரங்களுக்குப் பிடிக்கல. வேற ஆளைக் கூப்பிடுவோம்னுகூடப் பேசிக்கிட்டாங்க. கடைசியில கண்ணை மூடிக்கிட்டு... விக்!... உங்களை நினைச்சுக்கிட்டேன்."

அத்தை அவளையே பார்த்தார். "அப்போ இது நீ பண்ணினதுதான்."

"ஆமா அத்தை."

"என்னோடதைத் திருடி."

"ஆமா அத்தை."

அத்தை மிச்சமிருந்த சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தார். பிறகு தன் குவளையை அவள் பக்கம் தள்ளினார். "முதல்ல தண்ணியைக் குடி. தொண்டை போச்சுன்னா நாளைக்கு என்ன பண்ணுவ?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு லேசாகப் பொறாமை. "ஏன்க்கா, என்னோடது எதையும் எடுக்கலையா நீ?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"ஐய, சொல்லுக்கா."

"மெத்தை விளம்பரம்."

கல்யாணமான நாளாக நான் குறட்டையே விடுவதில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சத்தியம் செய்து வந்தவள் நான். அத்தை சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். வீடு வரைக்கும் அவளோடு நான் பேசவில்லை.

மறுநாள் காலை அக்கா சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டாள். அத்தை சத்தம் வராமல் டீ குடிக்கப் பார்த்து, முடியாமல், என்னை முறைத்தார். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். தையல்கார அம்மா வழக்கம்போலப் படிக்கட்டில் வந்து நின்றார். "மருமகளுங்க எங்க?"

"சின்னவ இதோ கிளம்புறா," என்றார் அத்தை. என் சீப்பு பாதியில் நின்றது. "பெரியவ வேலைக்குப் போயிருக்கா. இன்னிக்குப் பூரா அழணுமாம், பாவம்."

அக்காவை எட்டிப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று நான் வாசலுக்கு ஓடினேன். மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்த அக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கண்ணீர் பொலபொலவென்று வழிகிறது, துளி சத்தமில்லை. ஊருக்கெல்லாம் அழுதவள் தனக்கென்று அழும்போது ஒரு விசும்பல்கூட வரவில்லை.

அத்தையும் எட்டிப் பார்த்தார். குடையை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"அடியே, எல்லாத்தையும் இங்கயே அழுது தீர்த்துடாத. அங்க போய் என்ன பண்ணுவ?"